கிராம சபைல தண்ணி பிரச்சனைய பேச வைக்க விளையாட்டு மாதிரி ஏதாவது செஞ்சு பாத்தவங்க இருக்கீங்களா?

ஏரிக்கரை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு சின்ன ஊராட்சி எங்களுது, ஜனத்தொகை மூவாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. டிகிரி முடிச்சுட்டு அப்பாவோட நிலத்த பாத்துக்கிட்டு இருக்கேன், ஊர் இளைஞர் மன்றத்துலயும் இருக்கேன்.

விஷயம் போர் தண்ணி. தாத்தா காலத்துல கமலை கட்டி எறச்ச கிணறு இப்ப குப்பை கொட்டுற பள்ளம். அப்பா முதல்ல போட்ட போர் 180 அடி, நல்ல தண்ணி. போன வருஷம் பக்கத்து நிலத்துக்காரர் 750 அடி போட்டாரு, ராத்திரி முழுக்க வண்டி ஓடுச்சு, விடிஞ்சு பாத்தா வெறும் புழுதி. வீட்டம்மா நகைய அடகு வச்சு போட்ட போர் அது. லாரி கிளம்பி போனப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் அந்த வெள்ளை மண் மேட்டுக்கிட்ட ஒண்ணும் பேசாம நின்னது இன்னும் என் கண்ணுல நிக்குது.

போன அக்டோபர் 2 கிராம சபைல இத பத்தி எழுந்து பேசினேன். எங்க ஊர் அளவுக்கு 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், பாதி பேர் கையெழுத்து போட்டுட்டு கிளம்பிடுறாங்க, மிச்ச இருக்கறவங்களுக்கு தெரு விளக்கு, வீடு, வேலை சம்பளம்னு அவங்கவங்க கஷ்டம். அதுல தப்பு சொல்ல முடியாது. நான் தண்ணின்னு ஆரம்பிச்சதும் ஒரு பெரியவர் "மொதல்ல உங்கப்பன் போட்டிருக்கிற கரும்ப நிறுத்த சொல்லு"ன்னாரு, எங்க பெரியப்பா பதிலுக்கு கத்த, அப்படியே சண்டையாகி கூட்டம் கலைஞ்சுது.

ஒரு பயிற்சிக்கு போனப்போ சீரியஸ் கேம்னு ஒண்ணு இருக்கு, ஜனங்கள விளையாட வச்சு திட்டம் போடறதுல கலந்துக்க வைக்கலாம்னு சொன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. யாராவது நிஜமாவே ஊர்ல செஞ்சிருக்கீங்களா? மொபைல் ஆப் வேணுமா? அம்பது அறுபது வயசு ஆளுங்க உக்காந்து ஆடுவாங்களா, இல்ல சின்ன புள்ளைங்க வேலைன்னு எழுந்து போயிடுவாங்களா? மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபைக்கு முன்னாடி ஏதாவது செஞ்சாகணும்னு இருக்கேன்.

கடைமடை:

தம்பி, உங்க ஆதங்கம் புரியுது. ஆனா எனக்கு இதுல நம்பிக்கை கம்மி. எங்க டவுன்ல இப்படித்தான் ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்து கேக்குறோம்னு கூப்பிட்டாங்க, கலர் கலரா ஸ்டிக்கர் குடுத்து மேப்புல ஒட்ட சொன்னாங்க, போட்டோ எடுத்தாங்க, டீ குடுத்தாங்க, ஆறு மாசம் கழிச்சு முதல்லயே வரைஞ்சு வச்சிருந்த பிளான் அப்படியே வந்துச்சு. நாங்க ஒட்டின ஸ்டிக்கர் ஒண்ணுகூட எங்கயும் கணக்குல வரல. அதுக்கப்புறம் எங்க தெருவுல யாரும் எந்த கூட்டத்துக்கும் போறதில்ல.

1969லயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க அம்மா மக்கள் பங்கேற்ப எட்டு படி உள்ள ஏணியா பிரிச்சு எழுதினாங்க. கீழ்ப்படில இருக்கறதுக்கு பேர் மட்டும்தான் பங்கேற்பு, நிஜத்துல சமாளிச்சு அனுப்பறது. மேல் படில தான் முடிவெடுக்குற அதிகாரம் ஜனங்க கைக்கு வரும். நீங்க ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடி உங்க தலைவர்கிட்ட ஒண்ணு கேளுங்க, ஆடி முடிச்சு ஜனங்க ஒரு முடிவு சொன்னா அத தீர்மானமா எழுதுவீங்களா? இல்லன்னு சொன்னா ஆடாதீங்க, இருக்கற நம்பிக்கையும் போயிடும்.

புளியங்கொட்டை:

ஏரிக்கரை தம்பி, நான் தருமபுரி பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல களப்பணி பாக்குறேன். நாங்க ஆடியிருக்கோம், அதனால விவரமாவே சொல்றேன். ஆப் எதுவும் வேணாம். ஒரு சொம்பு, நூறு புளியங்கொட்டை, ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான்.

முதல்ல இது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். ஆந்திராவுல ராயலசீமா பக்கம் 2013 வாக்குல சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களும் எஃப்.இ.எஸ்.னு ஒரு அமைப்பும் சேர்ந்து கிராமங்கள்ல நிலத்தடி நீர் விளையாட்டு நடத்துனாங்க. அஞ்சு அஞ்சு பேரா உக்காந்து, தண்ணி கம்மியா கேக்குற பயிரா, நிறைய கேட்டு நிறைய காசு தர்ற பயிரான்னு ஒவ்வொருத்தரும் முடிவு பண்ணணும், தண்ணி எல்லாருக்கும் பொது. ஆடி முடிச்சதும் ஊரையே கூட்டி பேசினாங்க. அப்புறம் போய் பாத்தப்போ, ஆடாத ஊர்கள விட ஆடின ஊர்கள்ல தண்ணி கணக்கு எழுதற நோட்டு போடறதும், போர் தண்ணிக்கு ஊர் கட்டுப்பாடு கொண்டு வர்றதும் அதிகமா இருந்துச்சு. இது எழுத்துல பதிவான விஷயம், அதனாலதான் நாங்களும் எடுத்தோம்.

நாங்க ஆடற கணக்கு இது. சொம்புல 50 கொட்டை, அதுதான் பூமிக்குள்ள இருக்கற தண்ணி. ஒரு சுத்துன்னா ஒரு வருஷம். நெல்லு வச்சா மூணு கொட்டை எடுக்கணும், வருமானம் 5. கடலை வச்சா ஒரு கொட்டை, வருமானம் 3. வருஷ கடைசில மழை அஞ்சு கொட்டை போடும். யாரு என்ன வச்சாங்கன்னு வெளில சொல்லாம சீட்டுல எழுதி குடுக்கணும், எழுத தெரியாதவங்க நெல்லோ கடலையோ ஒண்ண கைக்குள்ள மூடி நீட்டினா போதும்.

இத எழுதறப்ப சின்னதா தெரியும், ஆடும்போது பாக்கணும். அஞ்சு பேரும் நெல்லு வச்சா பதினஞ்சு கொட்டை போகும், அஞ்சுதான் வரும், வருஷத்துக்கு பத்து பத்தா குறையும். முதல் ரெண்டு மூணு சுத்து சிரிப்பும் கிண்டலுமா போகும், நாலாவது வருஷம் முடிஞ்சு நான் சொம்ப கவுத்து கொட்டைய தரைல பரப்புவேன், பத்துதான் இருக்கும், அஞ்சாவது வருஷத்துக்கு பதினஞ்சு வேணும். அங்க சத்தம் நின்னுடும். ஒரு ஊர்ல அறுபது வயசு இருக்கும் ஒருத்தருக்கு, ஆட்டத்துக்கே வர மாட்டேன்னு திண்ணைல உக்காந்திருந்தவரு, எழுந்து வந்து குனிஞ்சு அந்த பத்து கொட்டையையும் ஒவ்வொண்ணா விரலால தள்ளி எண்ணினாரு. எண்ணிட்டு பக்கத்துல இருந்தவர பாத்து "இதுதான்டா நம்ம 2016" அப்படின்னாரு. அந்த வருஷம் மழை பொய்ச்சு தென்னையெல்லாம் காஞ்ச ஊர் அது. அதுக்கப்புறம் நாங்க ஒரு மணி நேரம் வாயே திறக்கல, அவங்களே பேசினாங்க.

அதான் உங்களுக்கு சொல்ல வர்றது. கூட்டத்துல நீங்க தண்ணின்னு சொன்னா "உங்கப்பன் கரும்பு"ன்னு வரும். ஏன்னா அங்க பேசறது ஆளோட பேர சொல்லி பேசறது. ஆட்டத்துல யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேணாம், சொம்பு காலியானது எல்லார் கைபட்டுத்தான்னு எல்லாருக்கும் தெரியும். முதல் தடவ ஆடி முடிச்சதும், "இப்ப பேசிக்கிட்டு ஆடலாம், உங்களுக்குள்ள ஒரு விதி வச்சுக்கலாம்"னு சொல்லி ரெண்டாவது தடவ ஆட விடுங்க. அந்த விதிய அவங்க வாயால எப்படி சொல்றாங்களோ அப்படியே எழுதிக்கோங்க. ஆட்டம் ஒண்ணரை மணி நேரம்னா பேச்சுக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, நிறைய பேர் ஆட்டத்த முடிச்சு கைத்தட்டிட்டு அனுப்பிடறாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொண்ணு, எத்தனை வருஷம் ஆடப்போறோம்னு முன்கூட்டி சொல்லாதீங்க. சொன்னா கடைசி வருஷம் எல்லாரும் நெல்லு வச்சு வழிச்சு எடுத்துடுவாங்க.

கரும்பலகை:

நான் நகரத் திட்டமிடல் படிக்கிறேன், எனக்கு ஊர் அனுபவம் கிடையாது, அதனால சுருக்கமா சொல்லிடறேன். டிஜிட்டல்லயும் நடந்திருக்கு. மைன்கிராஃப்ட் கேம் இருக்குல்ல, அத செஞ்ச மோஜாங் கம்பெனியும் ஐ.நா.வோட ஹேபிடட் அமைப்பும் சேர்ந்து 2012ல பிளாக் பை பிளாக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பொது இடத்த எப்படி மாத்தலாம்னு அங்க குடியிருக்கறவங்களே கேம்ல கட்டி காட்டுவாங்க, அத வச்சு அதிகாரிங்களோட பேசி நிஜத்துல கட்டுவாங்க. நைரோபில செஞ்சாங்க, மும்பைலயும் செஞ்சிருக்காங்க. ஹைதில லே காய்னு ஒரு கடலோர ஊர்ல எழுத படிக்க தெரியாத மீனவங்ககூட உக்காந்து வெள்ளம் உள்ள வராம இருக்க கரைச்சுவர் எங்க வேணும்னு கட்டி காட்டினாங்க. பிளான் வரைபடத்த பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதவங்க, கட்டின உருவத்த பாத்தா "இங்க இல்ல, அங்க"ன்னு சொல்லிடுவாங்க, அதுதான் அதோட பலம்.

ஆனா அதுக்கு கம்ப்யூட்டர், கரண்ட், சொல்லிக்குடுக்க ஆள் எல்லாம் வேணும். பூங்கா, பஸ் ஸ்டாண்ட் மாதிரி கண்ணுக்கு தெரியற இடத்துக்கு அது சரி. தரைக்கடில இருக்கற தண்ணிக்கு புளியங்கொட்டை அண்ணன் சொன்னதுதான் சரியா வரும்னு தோணுது.

மேட்டுத்தெரு அக்கா:

தம்பி, புளியங்கொட்டை சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒரு பெரிய ஓட்டை அதுல இருக்கு, அத சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது.

நான் முப்பது வருஷமா கிராமத்து பொம்பளைங்களோட வேலை செய்யறவ. எண்பதுகளோட கடைசில, தொண்ணூறுகள்ல பி.ஆர்.ஏ.ன்னு ஒரு முறை இங்க நல்லா பரவுச்சு, தரைல கோலமாவுல ஊர் படம் வரைஞ்சு, விதைகள வச்சு எது முக்கியம்னு ஜனங்களையே எண்ண வைக்கிறது. அதுல நான் படிச்ச பாடம், படத்த எந்த தெருவுல வச்சு வரையறீங்களோ அந்த தெரு தான் படத்துல பெருசா வரும். கோவில் முன்னாடி வரைஞ்சா காலனி ஒரு மூலைல புள்ளியா இருக்கும்.

இந்த தண்ணி ஆட்டத்துல அஞ்சு பேருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே அளவு தண்ணி. எந்த ஊர்ல அப்படி இருக்கு? ஒருத்தருக்கு மூணு போர், ஒருத்தருக்கு அரை ஏக்கரும் பக்கத்து காட்டுக்காரர் விடற தண்ணியும், பாதி ஜனத்துக்கு நிலமே கிடையாது. எங்க பக்கம் ஒரு ஊர்ல இத ஆடினப்போ சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருந்த கூட்டத்துல காலனில இருந்து வந்த ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை, "ஏங்க, இந்த சொம்புல நாங்க குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?"ன்னு கேட்டுச்சு. ஆட்டத்த நடத்தினவருக்கு பதில் சொல்ல தெரியல. அந்த பொண்ணு தினமும் காலைல ஒன்றரை கிலோமீட்டர் போய் ஒரு பம்பு செட்டுல, மோட்டார் போடற நேரம் பாத்து காத்துக்கிட்டு இருந்து ரெண்டு குடம் கொண்டு வர்ற பொண்ணு.

அன்னைக்கு அங்கயே விதிய மாத்தினோம். ஆறாவதா ஒரு ஆள், அவங்களுக்கு நிலம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு கொட்டை குடிதண்ணிக்கு, அத முதல்ல எடுத்து வச்சுட்டுத்தான் மத்தவங்க எடுக்கணும். ஆறாவது இடத்துல அந்த பொண்ணையே உக்கார வச்சோம். இப்ப கணக்க பாருங்க தம்பி. அஞ்சு பேரும் ஒழுங்கா கடலை வச்சாலும் அஞ்சு கொட்டை, குடிதண்ணி ஒண்ணு, மொத்தம் ஆறு, மழை போடறது அஞ்சு. அப்பவும் சொம்பு குறையுது! எல்லாரும் யோக்கியமா இருந்தாலும் பத்தலன்னு ஆனப்புறம்தான் அடுத்த கேள்வி வந்துச்சு, மழை போடற அஞ்ச ஆறாக்க முடியுமான்னு. ஒருத்தர் ஏரி வரத்து வாய்க்கால்னாரு, ஒருத்தர் அத அடைச்சு வச்சிருக்கற இடத்த சொன்னாரு, நூறு நாள் வேலைல அத எடுக்கலாமேன்னு பொம்பளைங்க சொன்னாங்க. யாரு தண்ணிய கம்மி பண்ணணும்னு மட்டுமே ஓடிக்கிட்டு இருந்த பேச்சு அங்கதான் மாறுச்சு.

ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் முதல்ல தனித்தனியா ஆடட்டும். ஒண்ணா உக்கார வச்சா மாமனார் முன்னாடி மருமக கை நீட்டாது. தனியா ஆடி, அவங்க வச்ச விதிய ஒரு பொம்பள எழுந்து எல்லார் முன்னாடியும் படிக்கட்டும்.

இன்னொரு யோசனை, பூட்டான்ல 2003ல லிங்முடேச்சுன்னு ஒரு பள்ளத்தாக்குல மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் வாய்க்கால் தண்ணி தகராறு, ரெண்டு ஊர் விவசாயிங்களையும் இப்படி ஒரு ஆட்டத்துல உக்கார வச்சாங்க. அதுல ஒரு சுத்து, மேல் ஊர்க்காரங்க கீழ் ஊரா ஆடணும், கீழ் ஊர்க்காரங்க மேல் ஊரா. பல வருஷம் நடந்த பேச்சு அதுக்கப்புறம் நீர்ப்பிடிப்பு பகுதிக்கே ஒரு பொதுக் கமிட்டி வரைக்கும் போச்சு. உங்க ஏரில தலைமடைக்காரர கடைமடை இடத்துல உக்கார வைங்க, மூணு போர் வச்சிருக்கறவர ஆறாவது இடத்துல உக்கார வைங்க.

கடைமடை:

அக்கா சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். நான் முதல்ல எழுதினதுல இருந்து கொஞ்சம் இறங்கி வர்றேன். எங்க டவுன்ல ஸ்டிக்கர் ஒட்ட சொன்னப்போ விதிய மாத்த எங்களுக்கு உரிமை இல்ல, வித்தியாசம் அங்கதான் இருக்கு.

சட்ட பக்கம் ஒரு தகவல். தமிழ்நாட்டுல 2003ல நிலத்தடி நீர் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து 2013ல அத ரத்து பண்ணிட்டாங்க. அதனால ஒருத்தர் தன் பட்டா நிலத்துல போர் போடக்கூடாதுன்னு கிராம சபை ஒரு தீர்மானம் போட்டா அது சட்டப்படி எவ்வளவு தூரம் நிக்கும்னு சொல்றது கஷ்டம். ஊரா ஒத்துக்கிட்ட கட்டுப்பாடா அத எழுதுங்க. மகாராஷ்டிராவுல ஹிவாரே பஜார் அப்படித்தான் செஞ்சுது, பாசனத்துக்கு போர் கிடையாது, வருஷா வருஷம் மழைய அளந்து தண்ணி பட்ஜெட் போட்டு எந்த பயிர் எவ்வளவுன்னு கிராம சபைல பேசறாங்க. அங்க அத முன்ன நின்னு நடத்தின சர்பஞ்ச், அதாவது ஊராட்சி தலைவர், போபட்ராவ் பவாருக்கு 2020ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. ஆனா அரசாங்கம் செய்ய வேண்டியத, தூர் வாரறது, ஆக்கிரமிப்பு எடுக்கறது, குடிதண்ணி குழாய், இதெல்லாம் தீர்மானமாத்தான் போகணும். ரெண்டையும் கலக்காதீங்க.

ஏரிக்கரை பையன்:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரமா பதில் போட முடியல, ஆடி பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

முதல் ஆட்டம் எங்க தெரு ஆளுங்களோட பிள்ளையார் கோவில் மண்டபத்துல. கடலைன்னு சொல்லாம மல்லாட்டைன்னு மாத்திட்டேன், எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. நெல்லுக்கு பதில் கரும்பு வச்சேன். எங்க பெரியப்பாவ ஆட கூப்பிட்டேன், வந்தாரு. நாலு வருஷமும் கரும்பு தான் வச்சாரு. அஞ்சாவது வருஷம் சொம்ப கவுத்தப்போ அவரு பத்து கொட்டையையும் பாத்துட்டு என்ன பாத்து "நீ கணக்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு. கோவமா சொல்லல. நான் போன அக்டோபர்ல சொன்னது இதான் பெரியப்பான்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல.

ரெண்டாவது ஆட்டம் காலனில, அக்கா சொன்ன ஆறாவது ஆளோட. அதுக்கு என் சித்திய கூட்டிட்டு போனேன். நான் போனா பொம்பளைங்க பேச மாட்டாங்கன்னு ஆட்டத்த சித்தி நடத்தினாங்க, நான் வெளில மரத்தடில உக்காந்திருந்தேன். அவங்க வச்ச விதி இது, சித்தி எழுதி கொண்டு வந்தாங்க: "குடிக்கிற போருக்கு பக்கத்துல வேற போர் போடக்கூடாது. கோடைல ரெண்டு மாசம் கரும்புக்கு எறைக்கிற மோட்டார்ல ஒரு மணி நேரம் குடத்துக்கு விடணும், எத்தனை மணிக்குன்னு முன்னாடியே சொல்லணும்." எனக்கு இதுல கடைசி வரிதான் புதுசு. எத்தனை மணிக்குன்னு தெரியாம அவங்க காலைல அஞ்சு மணில இருந்து பம்பு செட்டுகிட்ட காத்துக்கிட்டு இருக்காங்கன்னு, அங்கயே பொறந்து வளர்ந்த எனக்கு இத்தனை நாள் தெரியாது. எங்க பம்பு செட்டுலயும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

தலைவர்கிட்ட பேசிட்டேன். வரத்து வாய்க்கால் தூர் வாரறத தீர்மானமா வைக்க சம்மதிச்சிட்டாரு. மோட்டார் விஷயம் அவங்கவங்க இஷ்டம்னு ஒதுங்கிட்டாரு. மார்ச் 22க்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. தீர்மானத்த எப்படி எழுதி குடுக்கணும், யாருக்கு போகும்?

புளியங்கொட்டை:

தம்பி, ரொம்ப சந்தோஷம். முதல்ல உங்க ஏரி ஆயக்கட்டு, அதாவது ஏரி தண்ணி பாயற நிலம், எவ்வளவுன்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. நூறு ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத்துறை, அதுக்கு கீழன்னா ஊராட்சி ஒன்றியம். யாருக்குன்னு தெரியாம பொதுவா "ஏரி தூர் வார வேண்டும்"னு எழுதினா ரெண்டு ஆபீசும் மாத்தி மாத்தி அனுப்பும். வாய்க்கால் எந்த சர்வே நம்பர்ல ஆரம்பிச்சு எங்க முடியுது, எத்தனை மீட்டர், எங்க அடைச்சிருக்கு, இதெல்லாம் தீர்மானத்துலயே வரணும். படிச்சு காட்டி, கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி மினிட் புக்குல ஏத்த சொல்லுங்க, வெள்ளை பேப்பர்ல வாங்கிட்டு அப்புறம் எழுதிக்கலாம்னா ஒத்துக்காதீங்க. நகல் கேட்டு அன்னைக்கே ஒரு மனு குடுத்துடுங்க.

மேட்டுத்தெரு அக்கா:

தம்பி, மோட்டார் நேரத்துக்கு தலைவர் சம்மதம் எதுக்கு? உங்கப்பாகிட்ட கேளுங்க. உங்க பம்பு செட்டு எத்தனை மணிக்கு ஓடும்னு ஒரு சிலேட்டுல எழுதி மோட்டார் ரூம் கதவுல மாட்டுங்க. மார்ச் 22 அன்னைக்கு உங்க சித்தி அந்த விதிய படிக்கும்போது, ஊர்ல ஒரு மோட்டார்லயாவது அது ஏற்கனவே நடந்துக்கிட்டு இருக்கணும்.

ஏரிக்கரை பையன்:

கேட்டுட்டேன் அக்கா. சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஆறரைன்னு அப்பா சொல்லியிருக்காரு, ஆனா மும்முனை கரண்ட் எங்களுக்கு வாரம் ஒரு முறை நேரம் மாறும், அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சிலேட்ட மாத்தி எழுதணும். எழுதறது என் பொறுப்பு.